வானம் அளக்கும் காடு

(பிள்ளையார்குப்பத்தில் நடைபெற்ற வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகப் பாட்டையும் நூலையும் ஆய்ந்து வரும் இந்த அவையில், புவியியல் கற்பித்துக் காலம் கழித்த ஒருவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். 'காடு' என்று மட்டும் தலைப்புத் தந்தார் செயலாளர். முல்லைத் திணையைப் பற்றிப் பேசச் சொல்கிறாரோ என்று முதலில் எண்ணினேன். அதைப் பேச என்னினும் வல்லார் இங்கே பலர் உளர். ஆகவே எனக்குத் தெரிந்த காட்டைப் பற்றிப் பேசுகிறேன். அது செயற்கைக்கோள்கள் வானிலிருந்து படமெடுத்து அளந்து சொல்லும் காடு. பொறியைப் பற்றிய பேச்சாகத் தொடங்கினாலும் இது ஒரு சொல்லைப் பற்றிய பேச்சாகவே முடியும் என்பதால், இந்த அவைக்குப் புறம்பானதாகாது என நம்புகிறேன்.

நிலத்தை அளந்து எல்லை குறிப்பது நமக்குப் பழைய கலை. நமக்கு அண்மையிலுள்ள பாகூரின் செப்பேடுகளை நீங்கள் அறிவீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், வாகூரிலிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை அறமாக அளித்த செய்தியைச் சொல்பவை அவை. அரசாணையைப் பெற்ற நாட்டார் ஊரைச் சுற்றி நடந்தார்கள். கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காட்டினார்கள். கால் நடந்து, கை நட்டு, கண் கண்டு வரைந்த படம் அது. அம்மூன்று ஊர்களுள் ஒன்றின் பெயர் விளாங்காட்டங்கடுவனூர். விளாமரம் செறிந்த காடு ஒன்று அவ்வூரை ஒட்டி இருந்திருக்க வேண்டும் என ஊகிப்பதில் தவறில்லை. நம் பக்கத்தில் இன்றும் காட்டுக்குப்பம் இருக்கிறது. பெயரில் நிற்கும் காட்டை நிலத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

காட்டைத் தேடிப் படம் வரைந்த வேலைக்கும் புதுச்சேரிக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1955-இல் புதுவையில் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இந்தியாவின் தாவரப் பரப்பைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவில் வரைபடமாக்கும் பணியை மேற்கொண்டது. துலூசைச் சேர்ந்த தாவரவியலாளர் ஆன்றி கோசன் வகுத்த முறை அது. கன்னியாகுமரித் தாள் 1960-களின் தொடக்கத்திலேயே வெளிவந்துவிட்டது. எந்த நிலத்தில் எந்த மரம் நிற்கிறது என்பதோடு, மழையும் வெப்பமும் வறட்சியும் அங்கே எவ்வளவு என்பதையும் வண்ணங்களாலேயே சொல்ல முயன்ற படங்கள் அவை. பின்னர் 1982 தொடங்கி, பாசுக்கால் என்னும் அறிஞரின் தலைமையில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் படங்கள் இன்னும் விரிவான அளவில் வந்தன. அவற்றுள் வான்படங்களோடு காட்டுக்குள் நடந்து எடுத்த குறிப்புகளும் இணைந்திருந்தன. இலக்கியம் பயில்வோர்க்கு அந்நிறுவனத்தை வேறு காரணத்தால் தெரியும். பழந்தமிழ் இலக்கியச் சொற்கள் அனைத்திற்கும் அடைவு ஒன்று தொகுத்து 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டதும் அதே நிறுவனந்தான். ஒரே கூரையின்கீழ் ஓர் அறையில் சொற்களை எண்ணினார்கள். மற்றோர் அறையில் மரங்களை எண்ணினார்கள். இரண்டறைகளுக்கும் இடையே எவ்வளவு பேச்சு நடந்தது என்பது என் நெடுநாள் ஐயம்.

செயற்கைக்கோளுக்கு வருகிறேன். நிலத்தைக் கண்காணிப்பதற்கென்றே அமைந்த முதல் லாண்ட்சாட் கோள் 1972 சூலை 23 அன்று அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. ஏறத்தாழ 900 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய அது, 18 நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் பார்த்தது. நம் இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். 1ஏ 1988 மார்ச் 17 அன்று விண்ணேறியது. இவை காட்டைக் காணும் வகை எளியது. பச்சை இலை சிவப்பொளியை உணவாக்க உண்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பொளியில் பெரும்பகுதியைத் திருப்பி எறிகிறது. வெற்று மண்ணும் சருகும் அவ்வாறு செய்வதில்லை. இவ்விரண்டு ஒளிகளின் வேறுபாட்டைக் கணக்கிட்டால் பசுமை எங்கே செறிந்துள்ளது என்பது தெரிந்துவிடும். அகச்சிவப்பைக் கண்ணுக்குக் காட்டும்போது அதற்குச் சிவப்பு வண்ணம் தருவது வழக்கம். ஆகவே அப்படங்களில் அடர்ந்த காடு செக்கச் செவேலென்றுதான் தோன்றும். பசுமையைச் சிவப்பாகப் பாடக் கவிஞர்க்கு உரிமை கேட்டால் திறனாய்வாளர்கள் தருவார்களோ என்னவோ, விண்ணியலார் தாமே எடுத்துக்கொண்டார்கள்.

முதற்கோளின் படத்தில் ஒரு கட்டம் என்பது ஏறத்தாழ 80 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம். அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். அதற்குள் நிற்பவை எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும். ஒரு மரத்தையும் ஒரு குடிசையையும் ஒரு குட்டையையும் கலந்தால் என்ன நிறம் வருமோ, அந்த நிறம். பின்வந்த லாண்ட்சாட் கோள்களில் கட்டம் 30 மீட்டராயிற்று. நம் நாட்டுக் காட்டுக் கணக்கிற்குப் பெரிதும் பயன்பட்ட லிசு-3 கருவியில் 23.5 மீட்டர்.

இக்கருவி நமக்குச் செய்த முதல் நன்மையை மறக்கலாகாது. அரசுப் பதிவேடுகளின்படி நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காடு என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு முகமை செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளந்து பார்த்தது. 1972-75-இல் காடு 16.89 விழுக்காடு, 1980-82-இல் 14.10 விழுக்காடு என்றது. ஏட்டில் இருந்த காட்டில் பெரும்பகுதி நிலத்தில் இல்லை! துறையினர் இதை எளிதில் ஏற்கவில்லை. 1981-இல் டேராடூனில் தோன்றியிருந்த இந்திய வன அளவாய்வு நிறுவனம் தன் கணக்கைச் செய்தது. 1987-இல் வந்த அதன் முதல் அறிக்கை 6,40,819 சதுரக் கிலோமீட்டர் என்றது. அஃது ஏறத்தாழ 19.5 விழுக்காடு. ஒரே நாடு, ஒரே வானம், ஏறத்தாழ ஒரே காலத்துப் படங்கள். இருந்தும் இருவர் கணக்கு இரண்டாயிற்று. இந்த வேறுபாட்டின் வேரைப் பார்த்தால் பொறியின் பிழை சிறிதே. எதைக் காடு என்று கொள்வது என்னும் கேள்வியே பெரிது.

அந்நிறுவனம் இன்று வைத்திருக்கும் இலக்கணத்தைச் சொல்கிறேன். ஓர் எக்டேருக்கு மேற்பட்ட நிலம். அதன் பரப்பில் பத்து விழுக்காட்டிற்கு மேல் மரக்கிளைகளின் நிழல். இவ்வளவே. நிலம் யாருக்கு உரியது, சட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்பன கேட்கப்படுவதில்லை. பழத்தோட்டம், மூங்கில், பனை, தென்னை எல்லாம் இதனுள் அடங்கும். ஓர் எக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். நம் பக்கத்துக் கணக்கில் இரண்டு காணிக்குச் சற்றுக் குறைவு. இந்த இலக்கணத்தின்படி, மணப்பட்டுக் கடற்கரையில் மூன்று காணிச் சவுக்குத்தோப்பு ஒன்று காடு. கிருமாம்பாக்கத்துப் பக்கம் அவ்வளவு பரப்பில் ஒரு தென்னந்தோப்பு இருந்தால் அதுவும் காடு. புதுவை ஒன்றியப் பகுதியின் 490 சதுரக் கிலோமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு காடு என்று அறிக்கைகள் சொல்வதைப் படித்து, அந்தக் காடு எங்கே என்று மலைத்தவர்கள் உங்களில் இருக்கலாம். நாம் நாள்தோறும் அதன் ஊடேதான் மிதிவண்டியில் போய்க்கொண்டிருக்கிறோம்.

இலக்கணம் மாறினால் நிலம் மாறும் என்பதற்கு ஒரு சான்று. 1999 அறிக்கையில் நாட்டின் காடு 6,37,293 சதுரக் கிலோமீட்டர். 2001 அறிக்கையில் 6,75,538. இரண்டே ஆண்டுகளில் 38,245 சதுரக் கிலோமீட்டர் காடு கூடியது! கேரள மாநிலத்தின் மொத்தப் பரப்பே 38,863 சதுரக் கிலோமீட்டர்தான். ஒரு கேரளத்தை யார் நட்டார்கள்? பெரும்பாலும் யாரும் நடவில்லை. முன்பு 25 எக்டேருக்குக் குறைந்த தோப்புகள் படத்தில் விடுபட்டன. 2001-இல் நாடு முழுவதற்கும் கணினி வழிக் கணிப்பு வந்தது. ஓர் எக்டேர்த் தோப்பும் கணக்கில் ஏறியது. கண்ணாடியை மாற்றிக்கொண்டவர் எழுத்துகள் பெருத்துவிட்டன என்று சொல்வதைப் போன்றது இது. அறிக்கையின் உள்ளே இதை மறைக்காமல்தான் எழுதுகிறார்கள். மேடையிலும் நாளிதழிலும் மட்டும் 'காடு வளர்ந்தது' என்ற ஒரு தொடர் மிஞ்சுகிறது. 2023-ஆம் ஆண்டு அறிக்கையில் காடு 7,15,343 சதுரக் கிலோமீட்டர், 21.76 விழுக்காடு. அதனுடன் காட்டுக்கு வெளியிலுள்ள மரங்களின் பரப்பையும் கூட்டி 25.17 விழுக்காடு என்கிறார்கள். இதற்குள் இயற்கைக் காடு எவ்வளவு, தேயிலைத் தோட்டத்து நிழல்மரம் எவ்வளவு, முந்திரி எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் அந்த ஒற்றை எண் விடை சொல்லாது.

உலகக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு அரை எக்டேர் நிலம், ஐந்து மீட்டர் உயரம், பத்து விழுக்காடு நிழல் என்று வரையறுக்கிறது. பழத்தோட்டத்தையும் எண்ணெய்ப்பனையையும் அது தள்ளிவிடும். ரப்பர்த் தோட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும். ரப்பருக்கு ஏன் இந்தச் சலுகை என்று நான் மாணவர்க்குச் சொல்ல நேர்ந்தபோதெல்லாம் திணறியதுண்டு. அதன் 2025 அறிக்கைப்படி உலகில் 414 கோடி எக்டேர் காடு இருக்கிறது. நிலப்பரப்பில் 32 விழுக்காடு. இவை நாடுகள் தாமே கொடுத்த விவரங்களின் மேல் எழுந்த கணக்கு. நாடுகளைக் கேளாமல் வானத்தை மட்டும் கேட்ட கணக்கு 2013-இல் வந்தது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்து மாத்யூ ஆன்சன் குழுவினர் 6,54,178 லாண்ட்சாட் படங்களைக் கூகுள் நிறுவனத்தின் கணினிகளில் இட்டு உலக முழுமைக்கும் ஒரே அளவுகோலில் படம் வரைந்தனர். 2008-இல் லாண்ட்சாட் படங்கள் அனைத்தும் விலையின்றிப் பொதுவில் வைக்கப்பட்டிராவிடில் இது கைகூடியிராது. 2000 முதல் 2012 வரை 23 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் மரப்பரப்பு அழிந்தது. 8 இலட்சம் புதிதாகத் தோன்றியது. அழிந்தது இந்தியப் பரப்பில் பத்தில் ஏழு பங்கு. அந்தப் படத்தின் பெருமையை ஒப்புக்கொண்டே மறு ஆண்டில் சில அறிஞர்கள் குறை எழுப்பினர். தோட்டப்பயிரும் இயற்கைக் காடும் அதில் ஒன்றாகிவிட்டன என்றனர். காட்டை அழித்து எண்ணெய்ப்பனை வைத்தால், முதலில் இழப்பு, பிறகு வரவு என்று பேரேட்டில் ஏறும். புலி இழந்ததை அந்த வரவு ஈடுசெய்யாது.

இவ்வளவு சொன்னதனால் வானக்கண்ணை நான் குறைத்து மதிப்பிடுவதாகக் கொள்ள வேண்டா. பிரேசில் நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் ஆண்டுதோறும் அமேசான் காடழிவை அளந்து வெளியிடுகிறது. 2019-இல் அதன் எண்களை நாட்டின் தலைவரே பொய்யென்றார். எண்களைக் காத்துப் பேசிய இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவோ பதவி இழந்தார். யாரும் பொருட்படுத்தாத எண்ணுக்காக ஒருவர் பதவியைப் பறிக்க மாட்டார்கள். முகில் மறைத்தாலும் காணவல்ல ரேடார்க் கோள்களும் இப்போது வந்துவிட்டன. காட்டுக் கணக்கிற்கு இலை செழித்திருக்கும் அக்டோபர் தொடங்கிய மாதங்களின் படங்களையே தேர்கிறார்கள். நம் கரைக்கோ அது வடகிழக்குப் பருவமழையின் காலம். ஆகவே ரேடாரின் வரவு நமக்குச் சிறப்பாகவே பயன்படும். இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து அமைத்த நிசார் கோள் 2025 சூலை 30 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. காடுகளின் மரப்பொருண்மையை அளப்பதும் அதன் பணிகளுள் ஒன்று.

அந்த சிறீஅரிக்கோட்டாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தீவு அது. ஏவுதளத்தைச் சூழ்ந்து அங்கே நிற்பது சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு. அவ்வகைக் காட்டில் எஞ்சியுள்ள பெரிய பரப்புகளுள் அஃதொன்று. ஆண்டில் பல திங்கள் மழையின்றியும் இலை உதிர்க்காத, உயரம் குறைந்த, நெருங்கிப் பின்னிய காடு. காயா, பாலை, வீரை, குருந்து, கருங்காலி, மகிழம் என்று அதன் மரங்களைச் சொன்னால் பழம்பாட்டைப் புரட்டியது போலிருக்கும். நம் ஊர்க் காடும் அதுவே. புதுவைக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீசுவரர் ஐயனாரைச் சுற்றி நிற்பது அதுதான். தெற்கே கடலூர்ப் பக்கம் குழந்தைக்குப்பத்திலும் பாடல்பெற்ற திருமாணிகுழியிலும் எஞ்சியிருப்பவற்றைப் புதுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் எக்டேர் அளவெடுத்து மரம் மரமாக எண்ணி 1997-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இக்காடுகளைக் காத்தது துறையன்று, சட்டமுமன்று. சுள்ளி ஒடித்தால் ஐயனார் கேட்பார் என்னும் அச்சம் காத்தது.

இந்தக் கோயிற்காடுகளுள் மிகச் சிறியவை வானத்துப் படத்தில் என்ன ஆகின்றன? ஓர் எக்டேர் என்பது 23.5 மீட்டர்க் கட்டங்களில் பதினெட்டு. அரைக் காணிக் காடு ஐந்து கட்டம். ஐயனார், குதிரை, நான்கு காயாமரம், ஒரு பெருங்கொடி, ஐந்து கட்டம். எல்லைக்குக் கீழே போனதால் அது காடாகாது. சற்றுப் பெரியதாயின் காடென்று ஏறும். ஆயினும் அடுத்துள்ள முந்திரித் தோப்பும் ஆண்டு முழுதும் பசுமையாகவே நிற்பதால் இரண்டிற்கும் ஒரே நிறம். ஒருநாள் ஐயனார் காட்டை வெட்டி முந்திரி வைத்தால், சில ஆண்டுகளில் படத்தில் ஒரு மாற்றமும் இராது. நூற்றாண்டுகள் வளர்ந்த காடு ஒன்று அழிந்த செய்தி எந்த அறிக்கையிலும் வராது.

இனித்தான் சொல்லுக்கு வருகிறேன். கான், கானம், கா, அடவி, புறவு, பொழில், சோலை, தோப்பு, தோட்டம் என நம்மிடம் எத்தனை சொற்கள்! கோட்டையைச் சூழ்ந்த காவற்காட்டிற்கு மிளை என்று தனிச்சொல். நட்டு வளர்த்தது தோப்பு. தானே வளர்ந்தது காடு. நம் பாட்டிமார் இதில் ஒருபோதும் மயங்கியதில்லை. வான அளவையோ இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. இதைப் புலவர் குறை என்று ஒதுக்கிவிடலாகாது. வழக்குமன்றம் வரை சென்ற குறை இது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்சநீதிமன்றம் ஓர் ஆணை இட்டது. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தில் காடு என்ற சொல்லை அதன் அகராதிப் பொருளிலேயே கொள்ள வேண்டும், நிலம் யாருடையதாயினும் சரி என்றது. நாட்டின் மிகப்பெரிய மன்றம் காட்டைக் காக்க அகராதியை எடுத்துப் புரட்டியது! 2023-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, அறிவிக்கப்பட்டவையும் அரசு ஆவணங்களில் பதிவானவையுமான காடுகள் என அதன் வரம்பைக் குறுக்கியது. திருத்தத்தை எதிர்த்த வழக்கில் 2024 பிப்ரவரி 19 அன்று, முடிவு காணும்வரை பழைய அகராதிப் பொருளே நிற்கட்டும் என்று இடைக்கால ஆணை வந்தது. ஆணைக்கு ஆணை, சட்டத்திற்குச் சட்டம், நடுவில் நிற்பது ஒரு சொல்.

அதே 2024-இல், டிசம்பர் 18 அன்று, இராசசுத்தானத்து 'ஓரண்' என்னும் தெய்வக் காடுகளைப் பற்றி உச்சநீதிமன்றம் மற்றொரு தீர்ப்பு அளித்தது. ஒவ்வொரு தெய்வக் காட்டையும் நிலத்தில் நடந்தும் செயற்கைக்கோளாலும் படம் வரைய வேண்டும். அதன் பரப்புச் சிறிதா பெரிதா என்று பாராமல், ஊராருக்கு அது என்ன பொருள் தருகிறது என்பதைக் கொண்டே காடென்று ஏற்க வேண்டும் என்றது. நாடு முழுவதற்கும் இத்தகைய கணக்கெடுப்பும் கொள்கையும் வேண்டுமென நடுவணரசுக்கும் பரிந்துரைத்தது. ஐந்து கட்டத்து ஐயனார் காட்டிற்கும் ஓர் இடம் உண்டு என்று சட்டம் முதன்முறையாகக் கதவைத் திறந்திருக்கிறது. ஆனால் பட்டியலில் ஏற ஊர்ப்பெயர் வேண்டும், அளவை எண் வேண்டும், மரங்களின் பெயர் வேண்டும். ஆங்கில நூல்களில் இலத்தீன் பெயர் கிடைக்கும். ஊரார் அந்த மரத்தை என்ன சொல்லி அழைக்கிறார்கள், எந்த மரத்தடியில் பொங்கல் வைக்கிறார்கள், எந்தக் கொடியை வெட்டக் கூடாது என்கிறார்கள் என்பவை எந்தக் கோளின் படத்திலும் இல்லை. பூசாரியிடமும் முதியவரிடமும் இருக்கின்றன.

ஆகவே இந்த விழாவில் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களில் உறுப்பினர் இல்லாத ஊர் நமக்குச் சிலவே. அடுத்த ஆண்டுக்குள் ஒவ்வோர் உறுப்பினரும் தம் ஊர்க் கோயிலைச் சூழ்ந்த மரக்கூட்டத்தை ஒருமுறை சுற்றி நடந்து, மரங்களின் ஊர்வழக்குப் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தரட்டும். கவிதை எழுதித் தருவதைவிட இது எளிது. யாப்பு பார்க்க மாட்டோம். அளவை எண் கண்டு படத்தில் இடம் குறிக்கும் வேலையை நானும் என் பழைய மாணவர் சிலரும் செய்துதர அணியமாயிருக்கிறோம். வரும் தை மாதக் கூட்டத்திற்குள் முதல் பத்துத் தாள்கள் வந்துவிடுமானால் மகிழ்வேன். பிள்ளையார்குப்பத்துத் தாளை நான் முன்பே எழுதி இங்கே செயலாளரிடம் தந்திருக்கிறேன். அதில் இரண்டு மரங்களுக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் சொல்லிச் செல்லுங்கள்.